மின்சாரமில்லாத 27 நாள்கள்: கஜா புயலில் வேதாரண்யம் பகுதி வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2018 நவம்பர் 15, வியாழக்கிழமை இரவு 8 மணியளவில் நிறுத்தப்பட்ட மின்சாரம் எங்கள் வீட்டுக்கு டிசம்பர் 12 மாலையில்தான் திரும்பி வந்தது. இடைப்பட்ட 27 நாள்களில் அந்த வீட்டில் எது உதவியது, எது கைவிட்டது, எந்த முடிவு தவறாகப் போனது என்பதை, பழைய பால் கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் என் தாயார் எழுதிவைத்த குறிப்புகளையும் என் நினைவையும் கொண்டு இங்கே பதிவுசெய்கிறேன். கஜா புயலைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி விழுந்த தென்னைகளையும் நிவாரணத்தையும் பற்றியது, அது நியாயமும்கூட. ஆனால் சுவர் இடியாமல், உயிர்ச்சேதமும் இல்லாமல் தப்பித்த ஒரு நடுத்தர வீடு, வெறும் மின்சாரம் இல்லாத காரணத்தால் எப்படி மூன்றே நாளில் தடுமாறியது என்பதை அதிகம் யாரும் எழுதவில்லை. நாங்கள் இருட்டை எதிர்பார்த்து ஏற்பாடு செய்திருந்தோம். எங்களை வீழ்த்தியது தண்ணீர்.

வீடும் அதன் மனிதர்களும்

வீடு வேதாரண்யம் வட்டத்தில், கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி, மணற்பாங்கான ஒரு கிராமத்தின் கடைசித் தெருவில் இருக்கிறது. முன்பகுதி ஓட்டு வீடு. பின்னால் பிற்பாடு கட்டிய, தளம் போட்ட இரண்டு அறைகள். கொல்லையில் மாமரங்களும் சில தென்னைகளும் ஒரு மாட்டுக் கொட்டகையும் இருந்தன. அன்று வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர்: 78 வயதான அப்பாயி (அப்பாவின் அம்மா), இன்சுலின் போட்டுக்கொள்ளும் அப்பா, அம்மா, நான், என் மனைவி, நான்கு வயது மகள். இவர்களோடு ஒரு கறவை மாடு.

கொல்லையில் இருபதடிக்குச் சற்று மேல் இறக்கிய குழாய் ஒன்று உண்டு. எங்கள் பக்கத்து மணலில் அந்த ஆழத்திலேயே நல்ல தண்ணீர் கிடைக்கும். ஆழம் போனால் உப்பு. 2011 வரை அந்தக் குழாயின் மேல் அடிபம்பு இருந்தது. அந்த ஆண்டு 1 எச்பி மோனோபிளாக் மோட்டார் (பம்போடு ஒன்றாக இணைந்தது) வாங்கியபோது, அடிபம்பைக் கழற்றிவிட்டு அதே குழாயில் மோட்டாரை மாட்டினோம். கழற்றிய பம்புத் தலை ஓராண்டு மூலையில் கிடந்து, பிறகு பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போயிற்று. இந்த ஆய்வில் நான் சொல்லப்போகும் துன்பத்தின் வேர் அந்த விற்பனையில் இருக்கிறது என்பதால் அதை முதலிலேயே குறித்துவிடுகிறேன்.

புயலுக்கு முன் செய்தவை

எச்சரிக்கையில் குறை சொல்ல இடமில்லை. முதலில் வட தமிழகக் கரையை நோக்கி வருவதாகச் சொல்லப்பட்ட புயல், பிறகு கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே கரையைக் கடக்கும் என்று வானிலை ஆய்வு மையம் அறிவித்துவிட்டது. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். ஒலிபெருக்கி வைத்த வண்டி தெருவில் இரண்டு முறை வந்து போனது. நாங்களும் சும்மா இருக்கவில்லை. மெழுகுவர்த்தி இரண்டு பெட்டி, தீப்பெட்டி, டார்ச்சுக்கு பேட்டரி, பிஸ்கட், அப்பாவின் மருந்து ஒரு மாதத்துக்கு, மாட்டுத் தீவனம் ஒரு மூட்டை ஆகியவற்றை வாங்கினோம். வீட்டை ஒட்டி நின்ற தென்னைகளின் காய்ந்த மட்டைகளை வெட்டி இறக்கினோம். மாலையில் மோட்டாரைப் போட்டு மாடியிலிருந்த 1,000 லிட்டர் தொட்டியை விளிம்பு வரை நிரப்பினோம்.

அந்தத் தொட்டியை நிரப்பியது இரண்டு வகையில் நல்லதாயிற்று. நிறைந்த தொட்டி ஒரு டன் எடை. காற்று அதை அசைக்கவில்லை. இரண்டு வீடு தள்ளி, புயல் முடிந்ததும் நிரப்பிக்கொள்ளலாம் என்று காலியாக விட்டிருந்த தொட்டி குழாயோடு பிடுங்கிக்கொண்டு போய், மறுநாள் காலையில் வாய்க்காலில் கவிழ்ந்து கிடந்தது.

அப்பாயி சொன்னபடி இன்னொன்றும் செய்தோம். மாட்டைக் கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்துவிட்டோம். ‘கட்டிப்போட்டா அது எங்க போவும்?’ என்பது மட்டுமே அவர் சொன்ன காரணம். 1952 நவம்பர் 30-ல் நாகப்பட்டினம் கரையைத் தாக்கிய புயலின்போது அவருக்குப் பன்னிரண்டு வயது. கொட்டகை அன்றிரவே தரைமட்டமாயிற்று. மாடு விடிந்ததும் தெற்குத் தெருவிலிருந்து தானாக நடந்து வந்தது.

அன்றிரவு

மின்வாரியம் முன்னெச்சரிக்கையாக மின்சாரத்தை நிறுத்திய பிறகும் எங்கள் வீட்டில் நான்கு மணி நேரம் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. 150 ஆம்பியர் மணி பேட்டரியுடன் இன்வெர்ட்டர் இருந்தது. எங்கள் முதல் பெரிய தவறு அதை வைத்துத்தான் நிகழ்ந்தது. 12 வோல்ட்டை 150-ஆல் பெருக்கினால் 1,800 வாட் மணி. ஆனால் ஈய அமில பேட்டரியை முழுவதுமாக வற்றவிடக் கூடாது. மாற்றத்தில் இழப்பும் உண்டு. ஆகவே கைக்குக் கிடைப்பது ஏறத்தாழ 1,200 வாட் மணி, அதாவது ஒன்றேகால் யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு. அன்றிரவு நாங்கள் ஓடவிட்டவை: தலா 75 வாட் மின்விசிறி மூன்று, 9 வாட் எல்இடி விளக்கு நான்கு, புயல் எங்கே வருகிறது என்று பார்க்கத் தொலைக்காட்சிப் பெட்டி. மொத்தம் 320 வாட் அளவுக்கு வரும். அந்தக் கணக்கில் பேட்டரி நான்கு மணி நேரத்துக்கு மேல் தாங்காது, தாங்கவும் இல்லை. காற்று உச்சத்தைத் தொடத் தொடங்கிய நள்ளிரவில், மிகவும் தேவைப்பட்ட நேரத்தில், விளக்கு அணைந்தது. இரண்டே விளக்குகளையும் செல்பேசிகளையும் மட்டும் அதில் வைத்திருந்தால், இன்வெர்ட்டர் தானே தின்னும் சிறிதளவு மின்சாரத்தைக் கழித்துப் பார்த்தாலும், ஒன்றரை நாளாவது வந்திருக்கும்.

நவம்பர் 16 அதிகாலையில், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே, மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய வேகக் காற்றோடு கஜா கரையைக் கடந்தது. பெயரை இலங்கை கொடுத்தது. யானை என்று பொருள். முதலில் காற்று வடக்கிலிருந்து அடித்தது. ஓட்டுப் பகுதியில் ஒரு ஓடு பெயர்ந்ததும், அதன் அடியில் காற்று புகுந்து வரிசை வரிசையாகச் சீட்டுக்கட்டைப் போல விசிறியடித்தது. ஆறு பேரும் பின்னாலிருந்த தள அறைக்குள் போய், வடக்குக் கதவுக்கு அரிசி மூட்டைகளை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தோம்.

பிறகு திடீரென்று எல்லாம் நின்றுவிட்டது. அரை மணி நேரம்போல இலைகூட அசையாத அமைதி. அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு மாட்டைப் பார்க்கக் கிளம்பினார். அப்பாயி அவருடைய வேட்டியைப் பிடித்துக்கொண்டு, ‘இது பாதிதான்டா. மீதி தெக்கேருந்து வரும், உக்காரு’ என்றார். புயலின் கண் பகுதி தலைக்கு மேல் கடந்துபோகும்போது காற்று அடங்குவதும், கண் நகர்ந்ததும் நேரெதிர்த் திசையிலிருந்து மறுபடி அடிப்பதும் பாடப்புத்தகத்தில் உள்ள செய்தி. நான் அதைப் படித்தும் இருக்கிறேன். ஆனாலும் அந்த நிமிடத்தில் அது என் நினைவுக்கு வரவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தெற்கிலிருந்து வந்த இரண்டாம் காற்றுதான், வடகாற்றில் வேர் தளர்ந்து நின்ற மாமரங்களைச் சாய்த்தது. அதில் ஒன்று அப்பா போகவிருந்த பாதையின் குறுக்கே விழுந்தது.

முதல் வாரம்: தண்ணீர்

விடிந்தபோது எங்கள் தெருவில் நேராக நின்ற மின்கம்பம் ஒன்றுகூட இல்லை. மரம் கம்பியின் மேல் விழ, கம்பி இருபுறக் கம்பங்களையும் இழுக்க, மணலில் ஊன்றிய சிமெண்ட் கம்பங்கள் முறிந்தும் சாய்ந்தும் கிடந்தன. டெல்டா மாவட்டங்களிலும் புதுக்கோட்டையிலுமாகச் சேதமான கம்பங்களின் எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டியதாகப் பிறகு தெரிந்தது. அன்று காலையில் எங்களுக்கு அது தெரியாது; மூன்று நான்கு நாளில் வந்துவிடும் என்றே பேசிக்கொண்டோம். அந்த நினைப்பே இரண்டாவது தவறுக்கு இட்டுச்சென்றது.

தொட்டியில் 1,000 லிட்டர் இருந்ததல்லவா? அதை வழக்கம்போலவே செலவழித்தோம். சேறும் இலையுமாகக் கிடந்த வீட்டைக் கழுவினோம், எல்லோரும் குளித்தோம், கழிப்பறையில் தாராளமாக ஊற்றினோம். கூரை பறிபோன பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தார்கள். 17-ஆம் தேதி முற்பகலில் குழாய் காற்றைத் துப்பியது. ஆளுக்கு 25 லிட்டர், மாட்டுக்கு 50 லிட்டர் என்று முதல் நாளே அளந்திருந்தால் எங்கள் ஆறு பேருக்கு அது ஐந்து நாள் வந்திருக்கும். அந்தக் கணக்கை அம்மா 17-ஆம் தேதி மாலையில் போட்டுப் பார்த்தார். நோட்டில் அந்தப் பக்கத்தில், தொகைக்கு அடியில் இரண்டு கோடு இருக்கிறது.

குடிநீர்த் திட்டத்திலும் தண்ணீர் வரவில்லை. எங்கள் பகுதிக்குக் கொள்ளிடம் ஆற்றிலிருந்து குழாய் வழியே வரும் தண்ணீர், வழியெங்கும் மின்மோட்டாரை நம்பியே வருகிறது. ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டிக்கும் அதே கதைதான். இருபதடிக்குக் கீழே நல்ல தண்ணீர் இருக்க, அதன் மேல் நின்றுகொண்டு நாங்கள் குடத்தோடு அலைந்தோம். அப்பா பழைய இரும்புக் கடையை நினைத்துத் தம்மையே திட்டிக்கொண்டார்.

தெருவில் ஒரேயொரு வீட்டில் அடிபம்பு மிச்சம் இருந்தது. மோட்டார் வாங்க வசதியில்லாததால் அதைக் கழற்றாமல் வைத்திருந்த பெரியம்மா ஒருவருடைய வீடு அது. விடியற்காலை 4 மணியிலிருந்து இருபது வீட்டுக் குடங்கள் அங்கே வரிசை நின்றன. ஒருநாளும் அவர் யாரையும் தடுக்கவில்லை. இரவு 9 மணிக்கு மேல் மட்டும் வேண்டாம், சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்றார். இடைவிடாமல் அடித்ததில் ஒன்பதாம் நாள் உள்ளே இருந்த தோல் வாசர் தேய்ந்து, பம்பு வெறுமனே ஏறி இறங்கியது. கடைத்தெருவில் வாசர் இல்லை. செருப்புத் தைக்கும் ஒருவர் பழைய தோல் செருப்பின் அடித்தோலை வட்டமாக அறுத்து, தேங்காய் எண்ணெயில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, ஓரத்தைக் கிண்ணம்போல வளைத்துப் பொருத்தினார். மின்சாரம் வரும் வரை அந்தச் செருப்புத் தோல்தான் இருபது வீட்டுக்குத் தண்ணீர் இறைத்தது.

குடிக்க மட்டும் அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்தோம். கழிப்பறைக்கும் மாட்டுக்கும் குளத்துத் தண்ணீர். அடுத்த வாரம் மழை பெய்தபோது, கூரையில் போட்டிருந்த தார்ப்பாயின் ஒரு முனையைத் தாழ்த்தி அண்டாவில் பிடித்தோம்.

சமையல், மருந்து, செல்பேசி

இவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எதிர்பார்த்த அளவுக்கு இவை தொல்லை தரவில்லை. எரிவாயு உருளை இருந்தது. விழுந்த மட்டையும் பாளையும் விறகாயின. மிக்சியும் கிரைண்டரும் இல்லாததால் அம்மியும் ஆட்டுக்கல்லும் திரும்ப வேலைக்கு வந்தன. ஆட்டுக்கல்லின் குழியில் மழைத்தண்ணீர் தேங்கிக் கொசுப்புழு நெளிந்துகொண்டிருந்தது. அதைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவவே என் மனைவிக்கு அரைநாள் ஆயிற்று. குளிர்பதனப் பெட்டியைத் திறக்காமல் வைத்திருந்தால் நான்கு மணி நேரம்வரை உள்ளே இருப்பவை தாங்கும். அதற்கு மேல் பாலையும் மாவையும் நம்பக் கூடாது, கொட்டிவிட்டோம்.

அப்பாவின் இன்சுலின்தான் கவலையாக இருந்தது. திறந்து பயன்படுத்திக்கொண்டிருக்கும் இன்சுலின் குப்பியை, பெரும்பாலான வகைகளில், 30 டிகிரிக்கு மிகாத இடத்தில் நான்கு வாரம் வைத்துக்கொள்ளலாம். திறக்காத இருப்புக்குத்தான் குளிர்ச்சி கட்டாயம். பெரிய மண்பானையில் மணலைப் போட்டு நனைத்து, அதற்குள் சின்னப் பானையை இறக்கி, குப்பிகளைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி உள்ளே வைத்து ஈரத்துணியால் மூடினோம். இது குளிர்பதனப் பெட்டிக்கு ஈடாகாது. ஆகவே சாலை திறந்ததும் திறக்காத குப்பிகளைத் திருச்சியிலிருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்.

முதல் நான்கு நாள் செல்பேசியில் சிக்னலே இல்லை; அதனால் சார்ஜும் பயன்படவில்லை. பிறகு கடைத்தெருவில் ஜெனரேட்டர் வைத்து ஒரு செல்பேசிக்கு 30 ரூபாய் வாங்கிக்கொண்டு சார்ஜ் போட்டுக் கொடுத்தார்கள். வெளியூர்ச் சொந்தங்களுக்கு நாங்கள் உயிரோடு இருக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது ஐந்தாம் நாள்தான்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் வாரம் வளர்பிறை. நவம்பர் 23 பௌர்ணமி. மரங்கள் விழுந்து வெட்டவெளியாகிவிட்ட கொல்லையில் நிலா வெளிச்சம் தாராளமாக விழுந்தது. அன்று கார்த்திகை தீபம். எண்ணெயை மிச்சம் பிடிக்க வேண்டியிருந்ததால் அப்பாயி வாசலில் இரண்டே அகல் ஏற்றினார். உண்மையான இருட்டு அதற்குப் பிறகான வாரங்களில்தான் வந்தது. குப்பைக்குள் பாம்பு நடமாட்டமும் அப்போதுதான் மிகுந்தது.

ஜெனரேட்டர்

ஆறாம் நாளிலிருந்து வெளி மாவட்டங்களிலிருந்து சிறு சரக்கு வண்டிகளில் ஜெனரேட்டர்கள் வந்தன. முதலில் வந்தவர் வீட்டுக்கு 1,000 ரூபாய் கேட்டார், கொடுத்தோம். அடுத்த முறை அம்மா யோசித்தார். எங்கள் மோட்டார் தொட்டியை நிரப்ப இருபது நிமிடம்தான் எடுக்கும். வண்டியை ஒரு மணி நேரத்துக்கு 600 ரூபாய் என்று பேசினால் மூன்று வீடு நிரப்பலாம். அப்படியே மூன்று வீட்டார் சேர்ந்து, மோட்டார் வயர்களை முன்கூட்டியே வாசலுக்கு இழுத்து வைத்து, வண்டி வந்ததும் ஒரு நிமிடம்கூட வீணாகாமல் மாற்றி மாற்றிப் போட்டோம். வீட்டுக்கு 200 ரூபாய் ஆயிற்று.

இடையில் உறவினர் ஒருவர் அன்போடு 1 கேவிஏ ஜெனரேட்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். 1 எச்பி மோட்டார் ஓடும்போது 746 வாட்டுக்குக் கூடுதலாக எடுக்கும். கிளம்பும் கணத்திலோ அதைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அந்தச் சின்ன இயந்திரம் ஒரு முறை உறுமிவிட்டு நின்றுபோனது. விளக்குக்கும் செல்பேசிக்கும் அது உதவியது, தண்ணீருக்கு உதவவில்லை.

எங்கள் மூன்றாவது தவறு உயிரைக் குடித்திருக்கக்கூடியது. மோட்டாரைத் தனியாக இணைக்கச் சிரமப்பட்டு, ஒருநாள் ஜெனரேட்டர் வயரை நேராக வீட்டு பிளக்கில் செருகினோம். மெயின் ஸ்விட்சை இறக்கி அணைக்காமல் விட்டிருந்தோம். வீட்டிலிருந்து அந்த மின்சாரம் தெருக் கம்பிக்குப் போகும். கம்பி தொடர்ச்சியாக இருந்தால் டிரான்ஸ்பார்மருக்கும் போகும். 11,000 வோல்ட்டை 230 ஆக இறக்கும் டிரான்ஸ்பார்மர், எதிர்ப்பக்கம் செலுத்தினால் 230-ஐ 11,000 ஆக ஏற்றிவிடும். லைன் செத்துக்கிடக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருப்பவர் என்ன ஆவார்? அன்று எங்கள் தெருவில் யாரும் கம்பத்தில் இல்லை. பிறகு வேலைக்கு வந்த லைன்மேன் ஒருவர் வீடு வீடாக வந்து, மெயினை இறக்கி ஃபியூஸ் கட்டையைக் கழற்றித் தம் கையில் கொடுக்கச் சொன்னபோதுதான் நாங்கள் செய்தது எங்களுக்கே புரிந்தது. ஜெனரேட்டரைத் திண்ணையிலோ அறையிலோ வைக்காமல் தெருவில் வைத்தது மட்டும் சரியாக அமைந்தது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனையும் கிடையாது, எச்சரிக்கையும் கிடையாது.

ஏன் 27 நாள்

கோபம் வந்தது. அக்கம்பக்கத்து ஊர்களில் தண்ணீரும் மின்சாரமும் கேட்டு மறியல் நடந்தது. எங்கள் ஊராரும் ஒருநாள் உட்கார்ந்தார்கள். ஆனால் மின்சாரம் திரும்பி வரும் வழியைப் புரிந்துகொண்டபோது, நாள் கணக்கை நாங்களே ஊகித்திருக்கலாம் என்று தெரிந்தது. முதலில் உயரழுத்தப் பாதைகள், அடுத்து துணை மின்நிலையங்கள், பிறகு 11,000 வோல்ட் பாதை, அதன்பின் டிரான்ஸ்பார்மர்கள், கடைசியில் தெருக் கம்பங்கள். மருத்துவமனைக்கும் குடிநீர் நிலையங்களுக்கும் முன்னுரிமை. எங்கள் வீடு, ஊரின் கடைசி டிரான்ஸ்பார்மரின் கடைசிக் கம்பத்தில் இருக்கிறது. சாலையில் விழுந்த மரத்தை அறுக்காமல் கம்பம் ஏற்றிய லாரி உள்ளே வர முடியாது. அண்டை மாநிலங்களிலிருந்தும் பணியாளர்கள் வந்தார்கள். எங்கள் தெருவுக்கு வந்த குழுவில் கேரளத்தவர்கள் இருந்தார்கள். வயலுக்குள் லாரி இறங்காத இடங்களில் ஊர்க்காரர்களே குழி வெட்டினோம், கம்பத்தைத் தோளில் சுமந்தோம். ‘சாப்பிட்டுட்டு ஏறுங்க தம்பி’ என்று அம்மா அவர்களுக்குச் செருப்புத் தோல் பம்புத் தண்ணீரில் சோறு வடித்துப் போட்டார்.

டிசம்பர் 12 மாலை விளக்கு எரிந்தது. இன்வெர்ட்டர் பேட்டரி மட்டும் உயிர்பெறவில்லை. முழுக்க வற்றிய நிலையில் நான்கு வாரம் கிடந்ததில் தட்டுகளில் சல்பேட் கெட்டியாகப் படிந்துவிட்டது. முதல் இரவில் மூன்று மின்விசிறியும் தொலைக்காட்சியும் போட்டதன் விலை ஒரு புது பேட்டரி.

பிறகு மாற்றியவை

ஜெனரேட்டர் வாங்கலாம் என்றே எல்லோரும் சொன்னார்கள். நான் உடன்படவில்லை. மோட்டாரைக் கிளப்பும் அளவுக்குப் பெரியது வாங்க வேண்டும். அதற்குத் தினமும் எரிபொருள் வேண்டும். புயலுக்குப் பிந்தைய வாரத்தில் எரிபொருளுக்கும் வரிசைதான். பல ஆண்டு மூலையில் கிடந்த இயந்திரம் கேட்ட நாளில் கிளம்பும் என்பதற்கும் உறுதியில்லை. அதற்குப் பதிலாக, முதல் வேலையாகக் கொல்லைக் குழாயில் T வடிவ (‘டீ’) இணைப்பு ஒன்றும் இரண்டு வால்வுகளும் வைத்து, ஒரு கிளையில் மோட்டாரும் மறு கிளையில் புது அடிபம்பும் பொருத்தினோம். 4,000 ரூபாய்க்குள் முடிந்தது. இரண்டு தோல் வாசர்களை எண்ணெய் தடவிப் பொட்டலமாகக் கட்டி அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். அடுத்த ஆண்டு 330 வாட் சூரியத் தகடு ஒன்றை வாங்கினோம். நல்ல வெயிலில் நாளுக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் தரும். பேட்டரி வற்றிக் கிடக்காது. புயல் எச்சரிக்கை வந்தால் நான்கு போல்ட்டைக் கழற்றித் தகட்டை அறைக்குள் வைத்துவிடலாம்.

2020 நவம்பர் இறுதியில் நிவர் புயல் எச்சரிக்கை வந்தபோது தகட்டைக் கழற்றினோம். அது புதுச்சேரிப் பக்கம் கடந்துபோனது. அடுத்த வாரமே வந்த புரெவி, டெல்டாவில் விடாமல் மழையைக் கொட்டியது. ஒன்றரை நாள் மின்சாரம் இல்லை. அந்த ஒன்றரை நாளில் ஆறு வயது மகள்தான் பம்படித்தாள். இறைக்காமல் விட்ட அடிபம்பு தண்ணீரை இழுக்க வேண்டுமானால் முதலில் அதன் தலையில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றியாக வேண்டும். அதற்காகப் பம்பின் அருகே மூடிபோட்ட குடம் ஒன்று எப்போதும் நிறைந்திருக்கிறது. அதிலிருந்து மொண்டு யாராவது கால் கழுவினால் அம்மா இன்றைக்கும் சத்தம் போடுகிறார்.